நாற்காலியில் சொன்னது

எங்கள் அத்தான் பல் டாக்டர். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்த மனிதர், தன் வாயைத் திறப்பதற்கு மட்டும் நாம் கெஞ்ச வேண்டும். "இவர்கிட்ட இருந்து ஒரு வார்த்தை பிடுங்கணும்னா இவரோட குறடே வேணும்டா" என்பாள் என் அக்கா. கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிற்காலத்தில் சிரிக்காமலும் சொல்லியிருக்கிறாள். அத்தானுடைய கிளினிக்குக்கு அடுத்த கடை என்னுடைய டயர் கடை. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் பல்லைக் குடைகிற சத்தம், இந்தப் பக்கம் காற்றடிக்கிற சத்தம். மாடியில் அவர்கள் வீடு.

போன மாதம் அவர் போய்விட்டார். பத்திரிகையில் ஒரு மூலையில்கூட வரவில்லை. வர வேண்டிய ஆள் என்று நான் இங்கே எழுதுவது தெரிந்தால் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும், நான் பார்க்காத கோபமா.

எங்கள் ஊருக்கு அக்கரை வேறு நாடு. நடுவில் ஆறு, ஆற்றின்மேல் பாலம். பாலம் திறந்திருந்த காலத்தில் காலையில் அந்தப் பக்கம் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு சமையலுக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தக் காலத்தில்தான் அக்கா தன் ஒரே மகளை அக்கரையில் கட்டிக்கொடுத்தாள். "கூப்பிடு தூரம்தானே" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வருஷமே ஆற்றில் இரண்டு நாட்டு ரோந்துப் படகுகளும் சுட்டுக்கொண்டன. யார் முதலில் சுட்டது என்பதற்கு இன்றுவரை இரண்டு பதில் இருக்கிறது. பாலத்தை மூடினார்கள், தொலைபேசியைத் துண்டித்தார்கள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த விஷயம் மூன்றாவது ஒரு நாட்டைச் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்து சேர்ந்தபோது, அந்தக் குழந்தை தவழவே ஆரம்பித்திருக்கும்.

அக்கரை நாட்டுக்கு எங்கள் ஊரில் ஒரு துணைத் தூதரகம் இருந்தது. சண்டைக்குப் பிறகு ஆட்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அடியோடு பூட்டினால் கௌரவக் குறைச்சல் என்று ஒரே ஒரு துணைத் தூதரை மட்டும் விட்டுவைத்தார்கள். அவரோடு நம் ஆட்கள் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது, பேசியது தெரிந்தால் இரண்டு பக்கத்திலும் தலை உருளும். அப்படி இருக்கும்போது அவருக்குப் பல்வலி வந்தது. ஊரில் நல்ல பல் டாக்டர் எங்கள் அத்தான் ஒருவர்தான்.

எங்கள் ஊரில் இருந்த நம் வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவரும் அதே கிளினிக்குக்கு வருகிறவர். ஒருநாள் தூதர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வர, இவர் உள்ளே போகக் காத்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்த்தது தப்பு என்பதுபோல இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அன்றைக்கு அதிகாரி நாற்காலியில் சாய்ந்ததும் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். அத்தான் பஞ்சை எடுத்தார்.

"டாக்டர், அவர் அடுத்து எப்ப வர்றார்?"

ஆரம்பம் அவ்வளவுதான். அதிகாரி ஒன்று சொல்வார், அத்தான் அதைத் தூதரிடம் சொல்வார். தூதர் பதில் சொல்வார், அத்தான் அதை அதிகாரியிடம் சொல்வார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் இருந்த ஒரே வழி எங்கள் அத்தான். வீட்டில் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத ஆளை நாடுகள் இரண்டும் பேசுவதற்கு வைத்துக்கொண்டன, வயிற்றெரிச்சல்.

எனக்கும் அதில் பங்கு உண்டு. தூதரகக் கார் வாராவாரம் பல் டாக்டர் வாசலில் நின்றால் ஊர் கேட்கும். டயர் கடையில் நின்றால் யார் கேட்பது? அதனால் கார் என் கடைக்கு வரும். தூதர் பின்பக்கம் வழியாக கிளினிக்குக்குள் போவார். அவர் திரும்பி வரும்வரை நான் நல்ல டயரில் காற்றை இறக்கிவிட்டு மறுபடி அடித்துக்கொண்டிருப்பேன். இரு நாட்டு உறவுக்கு நான் கொடுத்தது முழுக்க முழுக்கக் காற்றுதான்.

தொடக்கத்தில் ஒரு கூத்து நடந்தது. தூதர் நாற்காலியில் சாய்ந்தபடி, "எங்க சமையல்காரன் எல்லாத்துலயும் உப்பை அள்ளிக் கொட்டறான், ஈறு எரியுது டாக்டர்" என்று புலம்பியிருக்கிறார். அத்தான் அதையும் கூட்டாமல் குறைக்காமல் அதிகாரியிடம் ஒப்பித்துவிட்டார். அதிகாரி அதைத் தலைநகரத்துக்குச் சொல்ல, அங்கே பெரிய பெரிய ஆட்கள் கூடி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு, உப்பு ஏற்றுமதி பற்றிப் பேசத் தயார் என்று பதில் அனுப்பினார்கள். அதைக் கேட்டுத் தூதர் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகுதான் அத்தான் ஒரு முறை வகுத்தார். இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். "நாற்காலியில உட்கார்ந்து சொல்றதெல்லாம் சேதி. அது எதுவா இருந்தாலும் அந்தப் பக்கம் போயிடும். எழுந்து நின்னு பேசறது நம்ம சொந்தப் பேச்சு. அது இந்தக் கதவைத் தாண்டாது." இருவரும் சம்மதித்தார்கள். அதன்படியே வருஷக்கணக்கில் நடந்தது.

இன்னொன்றையும் அதிகாரி முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "உங்க மக அங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியும் டாக்டர். அவளுக்காக ஒண்ணு கேட்டீங்கன்னா, அன்னையில இருந்து நீங்க சொல்ற எதையும் ரெண்டு பக்கமும் நம்ப முடியாது."

"கேக்கமாட்டேன்" என்றார் அத்தான்.

அவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். அக்கா மாட்டிக்கொண்டது அதில்தான்.

அக்காவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் மருந்தில் ஓட்டுகிறவரைதான் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போடச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் பாலம் தெரியும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு பார்த்தபடியே இருப்பாள். எனக்கோ அந்தப் பாலத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"அவளை ஒரு தடவை பார்த்துட்டேன்னா போதும்டா. குழந்தையைக்கூட வேண்டாம், அவளை மட்டும்" என்பாள் என்னிடம்.

அத்தானிடம் வேறு மாதிரி பேசுவாள். "அந்தாளு உங்க நாற்காலியிலதானே வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கறார்? பல்லைக் கையில பிடிச்சுக்கிட்டே கேளுங்க. மாட்டேன்னு எப்படிச் சொல்லுவார்?"

அத்தான் சிரிப்பார். அவள் சிரிக்காமல் இருப்பாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். மாத்திரை, தண்ணீர், தலையணை எல்லாம் அவர் கையால்தான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒருநாள் தூதர் சிகிச்சை முடிந்து எழுந்து தொட்டியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அக்கா இருமுவது கேட்டிருக்கிறது.

"யாருக்கு டாக்டர் முடியல?"

"என் மனைவிக்கு. இதயக் கோளாறு."

"பிள்ளைங்க?"

"ஒரே மக. உங்க ஊர்லதான் இருக்கா."

தூதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அத்தான் உடனே என் கடைக்கு வந்தார். "கேட்டதுக்குப் பதில் சொன்னேன் மாப்ள. அது நான் கேட்டதா ஆயிடுமா?" என்றார். எனக்கு வந்த எரிச்சலில், "ஆயிட்டா ஆகட்டும், பெண்டாட்டி சாகக் கெடக்கறா" என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

அடுத்த வாரத் தொடக்கத்தில் தூதர் வந்து போனார். அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் ஏதோ சரியில்லை. மறுநாள் நான் மாடிக்குப் போனபோது அத்தான் மாத்திரையும் தண்ணீருமாக நிற்கிறார், அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். "தம்பி, நீ குடு" என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நோயாளிக்கு வருகிற சிடுசிடுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அத்தான் கிளினிக்கைத் திறக்கவில்லை. என் கடைக்கு வந்து, வாசலில் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள்மேல் உட்கார்ந்தார். எங்கள் தெரு நேரே பாலத்தில் போய் முட்டும். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், ஊருக்கே பல்வலி தீர்ந்துடுச்சா?"

டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போய் அப்படியே இருந்தது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன், கையை மட்டும் அசைத்தார். சாயங்காலம் வெளிச்சம் குறைந்து பாலம் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் எழுந்தார். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்துவிட்டதோ என்னவோ, என் தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் நானும் போனேன். அக்கா அவர் கையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் தன் கையால் டம்ளரைச் சேர்த்துப் பிடித்திருந்தாள். ஊடல் தீர்ந்தது என்று கிண்டல் செய்ய வாயெடுத்தேன். இருவர் முகத்தையும் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அதிகாரி அடிக்கடி வந்தார். கிளினிக்கிலிருந்து வெளியே போகும்போது அவர் முகத்தில் ஒரு களை. நோயாளிகளின் சொந்தக்காரர்களை மட்டும் முதலில் பாலத்தில் விடுவது, பிறகு மற்றவர்களை என்று தலைநகரங்களுக்கு நடுவில் பேச்சு நடப்பதாக அத்தான் எங்களிடம் சொன்னார். அக்காவுக்கு அதைக் கேட்டு உயிர் வந்ததுபோல இருந்தது. "பஸ் விடுவாங்களா, நடந்து வரணுமா?" என்று விசாரித்தாள். மகளுக்குப் பிடித்த நீலப் போர்வையைத் துவைத்து மடித்து வைக்கச் சொன்னாள்.

பஸ்ஸைப் பாலத்தின் எந்த முனையில் நிறுத்துவது, சோதனையை எந்தக் கரையில் செய்வது என்று பெரியவர்கள் இழுத்துக்கொண்டே போனார்கள். அக்காவால் அவ்வளவு இழுக்க முடியவில்லை. ஒரு காலையில் அத்தான் தலையணையைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தபோதே, அவர் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாள். அவள் கண் ஜன்னல் பக்கம் இருந்தது. என் அக்காவை நினைத்து நான் அன்றைக்கு அழுததைவிட இப்போதுதான் அதிகம் அழுகிறேன்.

மழைக்காலம் முடிவதற்குள் பாலம் திறந்தது. ஊரே மாலையும் கொடியுமாகப் பாலத்தில் நின்றது. முதல் பஸ்ஸில் அக்கா மகள் தன் குழந்தையோடு வந்து இறங்கினாள். அம்மா இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வந்து, காலிக் கட்டிலையும் மடித்த போர்வையையும் பார்த்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்பா நீங்க வரல?"

அத்தான் பேத்தியின் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை காலைல என்னை வண்டியில கூட்டிக்கிட்டு வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்கார வச்சாங்க. உங்கப்பா எதிர்ப் பக்கம் வந்து நிப்பார், அவரைப் பார்த்ததும் நீ நடந்து போயிடலாம்னு சொன்னாங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்பா. நீங்க வரவே இல்லையே. நான் அம்மாவைப் பார்க்கக் கூடாதுன்னு உங்களுக்கு என்ன?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தானைப் பார்த்தேன். அவர் பேத்தியின் கையில் இருந்த பொம்மையைப் பார்த்துக்கொண்டு, "என்னால வர முடியலம்மா" என்றார். அவ்வளவுதான். அவள் இருந்த நாட்களில் அவரோடு பேசவில்லை. திரும்பிப் போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். அவர் திறக்க வைத்த பாலத்தின் மேலேயே அவர்மேல் கோபமாகப் போனாள்.

எனக்கு விஷயம் புரிந்தது தூதர் மாற்றலாகிப் போகும்போதுதான். வழியில் கார் என் கடையில் நின்றது. அன்றைக்கு உண்மையிலேயே பஞ்சர். நான் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க அக்கா விஷயத்துல என் தப்பும் இருக்கு" என்றார். "அன்னைக்கு டாக்டர்கிட்ட சொன்னேன். உடம்பு முடியாத ஒரு அம்மாவைப் பார்க்க எங்க பக்கத்துல இருந்து ஒரு மக வரணும்னா, வியாழக்கிழமை எங்க காவல் தடுக்காது, இந்தப் பக்கம் சொந்தக்காரங்க வந்து நின்னா போதும்னு. அவருக்காகத்தான் சொன்னேன். உங்க அதிகாரிகிட்ட அவர் சொந்தமா ஒரு வார்த்தை சொன்னா, இந்தப் பக்கமும் கண்டுக்காம விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். ஆனா அப்ப எனக்கு ஊசி போட்டு வாய் மரத்துக் கிடந்தது. நாற்காலியில சாஞ்சுக்கிட்டே சொல்லிட்டேன்."

ஸ்பேனர் என் கையிலேயே நின்றுவிட்டது.

"எழுந்து நின்னு சொல்லியிருக்கணும்" என்றார் தூதர்.

கார் போனதும் நான் கையைக்கூடத் துடைக்காமல் கிளினிக்குக்குள் போனேன். அத்தான் குறடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "ஒரு அம்மா, ஒரு மகன்னு அந்தாளு சொல்றார், அது யாருன்னுகூட உமக்குப் புரியலையா?"

அத்தான் குழாயை மூடினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"அந்த நாற்காலிக்குப் பக்கத்துல நிக்கறப்போ எனக்குப் பெண்டாட்டி கிடையாது, மக கிடையாது, மாப்ள. அப்படிப் பழகிட்டேன். சொன்னதைச் சொன்னபடி மத்தியானமே அதிகாரிகிட்ட சொல்லிட்டேன். அவர் சந்தோஷத்துல துள்ளிட்டார். நோயாளி வீட்டுக்காரங்களுக்குப் பாலத்தைத் திறக்க அவங்களே முன்வர்றாங்க, மேல சொல்றேன், பதில் வர்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா பாலத்துப் பக்கம் போகக் கூடாதுன்னார். சரின்னு மாடிக்கு வந்தேன். உங்க அக்கா தலையணையில சாஞ்சு பாலத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தா. அவ முகத்தைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சது."

"அப்பவே ஓடியிருக்கலாமே அதிகாரிகிட்ட!"

"ஓடி? 'அது எனக்குச் சொன்னது, திருப்பிக் குடுங்க'ன்னு கேக்கவா? அதுக்குள்ள அது தலைநகரத்துக்குப் போயிடுச்சு. நாட்டோட சேதியா ஆயிடுச்சு. என் மக மட்டும் வந்திருந்தா, டாக்டருக்குச் செஞ்ச சலுகைதான் இதுன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. பாலம் திறந்திருக்காது."

சுவரில் சாய்ந்தார். "உங்க அக்காகிட்ட அன்னைக்கே எல்லாத்தையும் சொன்னேன். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அவ என் கையால தண்ணி வாங்கல. அப்புறம் அவளே கூப்பிட்டா. பாலம் திறந்தா எல்லாரும் வருவாங்கல்ல, அவளும் அவங்களோட வரட்டும், அதுவரைக்கும் எப்படியாவது இருக்கேன்னு சொன்னா."

எனக்குத் திட்ட ஒன்றும் மிச்சமில்லை. அழுக்குக் கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைக் கோட்டில் கறை படிந்தது.

மகளிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொன்னால் சேதி எந்த வழியாகப் போனது என்று சொல்ல வேண்டிவரும், இரண்டு பக்கமும் மறுபடி அந்த வழி தேவைப்படலாம் என்றார். தேவைப்படவில்லை. மகள் வருஷத்துக்கு ஒருமுறை குழந்தையைக் காட்டிவிட்டுப் போனாள். பாலத்தில் வரிசை நீளம், வெயில் தாங்கவில்லை என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள். அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் அவள் கேட்டதெல்லாம் சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்பதுதான். அவரும் ஆச்சு என்பார்.

போன மாதம் எல்லாம் முடிந்த பிறகு நானும் அக்கா மகளும் கிளினிக்கைக் காலி செய்யப் போனோம். அலமாரி, பெஞ்சு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாயிற்று. உட்கார மிச்சமிருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான். அவள் அலுப்போடு அதில் உட்கார்ந்தாள். செத்தவருக்குச் செய்த சத்தியத்தை மீறினால் மீறிவிட்டுப் போகிறேன் என்று, நான் தொட்டியில் சாய்ந்து நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். உப்புக் கதையிலிருந்து தண்ணீர் டம்ளர் வரை.

அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அந்த வியாழக்கிழமை அப்பா எங்க மாமா இருந்தார்?" என்றாள்.

"என் கடை வாசல்ல. டயர் மேல உட்கார்ந்து பாலத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். ஒரு வாய் டீகூடக் குடிக்கல."

"எவ்வளவு நேரம்?"

"இருட்டி, பாலம் தெரியாம போற வரைக்கும்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். வாசலுக்குப் போய்த் தெருவின் கோடியில் தெரிந்த பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் அதுவரைக்கும்தான் மாமா அங்க உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.